கூடை போக

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது என் கதை அல்ல, லூர்துசெல்வி டீச்சரின் கதை. ஆனால் அவள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த புண்ணியவதி நான்தான் என்பதால், நடுநடுவே நானும் வந்து தொலைப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978 ஜூன் மாதம், நல்ல மழையில், சேலத்திலிருந்து வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயது. ஒரு தகரப் பெட்டி, ஒரு கிழிந்த குடை, கயிறு போட்டுக் கட்டிய நாற்பது பக்க நோட்டுகள் ஒரு டஜன். குடையை நோட்டுக்குப் பிடித்துக்கொண்டு அவள் நனைந்தபடி வந்தாள். பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை.

வாழவந்தி போகிற ரோட்டின் மேல் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம். அஞ்சாவது வரைக்கும்தான். ஒன்றையும் இரண்டையும் ஹெட்மாஸ்டர் ஆரோக்கியதாஸ் சார் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். மூணாவதுக்குப் பெரியநாயகம் சார். அஞ்சாவதுக்கு நான், தெரசம்மாள். நாலாவது டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டதால் அந்த இடத்துக்கு லூர்துசெல்வி தற்காலிகமாக வந்தாள். ஜனவரியில் தாளாளர் ஃபாதர் வந்து பார்த்து, பிடித்திருந்தால் நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் அதே தகரப் பெட்டி, அதே பஸ். அவள் அப்பா தறி ஓட்டி ஓட்டி நெஞ்சு கெட்டுப் படுத்த படுக்கை. கீழே இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாங்களெல்லாம் பரீட்சை வைத்தால் மார்க்கை எழுதிக்கொள்வோம். இவள் தப்பை எழுதிக்கொண்டாள். ஒரு பக்கத்துக்கு நாலு கட்டம். முதல் கட்டத்தில் பிள்ளை என்ன எழுதியது, இரண்டாவதில் ஏன் அப்படி எழுதியது, மூணாவதில் நாம் என்ன செய்யணும், நாலாவதில் சரியாச்சா. சரியானால் தேதி போட்டு ஒரு டிக். முப்பத்திரண்டு பிள்ளைக்கும் இப்படியே.

"ஏம்மா, தப்பையெல்லாம் சேத்து வச்சு என்ன, ஊறுகா போடப் போறியா?" என்று கேட்டேன்.

"மார்க்கப் பாத்தா யாருக்குத் தெரியலைன்னு தெரியுதுங்க டீச்சர். என்ன தெரியலைன்னு தெரிய மாட்டேங்குதே" என்றாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும். பஸ் அஞ்சேகாலுக்கு. நடுவிலிருக்கிற ஒரு மணி நேரம் எங்களுக்குக் கடவுள் கொடுத்த நேரம். பெரியநாயகம் சார் காலை நீட்டிப் பேப்பர் படிப்பார். நான் ஸ்வெட்டர் பின்னுவேன். அந்த நேரத்தில் இவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், உங்க பசங்களும் கடன் வாங்கிக் கழிக்கறதுல இப்படித்தான் பண்றாங்களா?" என்று ஆரம்பிப்பாள். சார் பேப்பரைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. தன் வகுப்புப் பேப்பரைத் தானே திருத்தக் கூடாது. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். அரைப் பரீட்சை முடிந்ததும் நாலாவது கணக்குப் பேப்பர் என் கைக்கு வந்தது. கிறிஸ்துமஸ் லீவில் உட்கார்ந்து திருத்தினேன்.

ஏழாவது கணக்கு: 'ஒருவர் திங்களன்று 14 கிலோ தக்காளியும் செவ்வாயன்று 17 கிலோ தக்காளியும் பறித்தார். மொத்தம் எத்தனை கிலோ?' முப்பத்தொன்று. இதில் என்ன இருக்கிறது? பதினொரு பிள்ளைகள் இருபத்தொன்பது என்று எழுதியிருந்தார்கள். எட்டாவது கணக்கு: 'ஒரு மூட்டை 20 கிலோ. 4 மூட்டை எத்தனை கிலோ?' அதே பதினொன்றும் எழுபத்தாறு. ஒன்று எழுபத்தைந்து, ஒன்று எண்பத்திரண்டு என்று இருந்தால் பரவாயில்லை. பதினொரு பேரும் எழுத்து மாறாமல் எழுபத்தாறு! இத்தனைக்கும் செப்டம்பரில் நடந்த காலாண்டுப் பரீட்சையில் இதே மாதிரிக் கணக்கை இதே பிள்ளைகள் சரியாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். காப்பியடித்திருக்கிறார்கள், பரீட்சை ஹாலில் இந்த அம்மா நோட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், இல்லாவிட்டால் இவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அதையும் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இப்படியே ஒரு முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜனவரியில் பள்ளி திறந்த திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிட்டேன்.

ஆரோக்கியதாஸ் சார் நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்றால் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார் என்று அர்த்தம். கடிதத்தை அன்றைக்கே ஃபாதருக்கு அனுப்பிவிட்டார். "வெள்ளிக்கிழமை வர்றேன், வந்து பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமைதான் நிரந்தரக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற நாளும்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது லூர்துசெல்வி என் எதிரில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. சண்டைக்கு வருவாள் என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தயாரானேன்.

"ஏனுங்க டீச்சர், பாத்து எழுதறவங்க சரியா எழுதினவங்களப் பாத்துத்தான எழுதுவாங்க? பதினோரு பேரும் தப்பத் தேடிப் போயா எழுதுவாங்க?"

"தப்பா எழுதினவ முன் பெஞ்சுல உக்காந்திருப்பா."

"இந்தப் பதினோரு பேரு ஒரே பெஞ்சு இல்லீங்க. பாவாயி சன்னல் ஓரம், சித்தன் கடைசி. நடுவுல உக்காந்தவங்க எல்லாம் சரியாப் போட்டிருக்காங்க." ஒரு காகிதத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று படம் போட்டு வைத்திருந்தாள். "உங்க அஞ்சாவது பேப்பர ஒரு தடவ பாக்கலாமுங்களா? என்ற வேலைக்காகக் கேக்கறேன்னு நெனச்சாலும் சரிங்க."

என் வகுப்பிலா? நான் கையில் பிரம்போடு நின்றால் ஈ கூடத் திரும்பிப் பார்க்காது. "தாராளமா பாரு" என்று பீரோச் சாவியைத் தூக்கிப் போட்டேன். அஞ்சாவது பேப்பரைத் திருத்தியவர் பெரியநாயகம் சார். அவர் தப்புக்குப் பெருக்கல் குறி போடுவதோடு சரி, என்ன தப்பு என்று பார்க்கிற வழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஏழு பேப்பரை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தாள். 12 கிலோ, 15 கிலோ, 10 கிலோ, மூன்றும் சேர்ந்தால் முப்பத்தேழு. ஏழு பேரும் முப்பத்துநாலு. பரீட்சை ஹாலில் பிரம்போடு நின்றவள் நான்.

ஏழு பேப்பரையும் நானே மறுபடி கூட்டிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அது அபூர்வம். பெரியநாயகம் சார் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு முதல்முறையாகக் கிட்டே வந்தார்.

"மூணாவது பேப்பரையும் பாத்தறலாமே" என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே தலையில் கை வைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் திருத்திக் கொடுத்த மூணாவது பேப்பர் போன இடம் எங்களுக்குத் தெரியும். பீரோவில் இடமில்லை என்று, மார்க் ஏற்றியதும் அதைத் தூக்கி பஸ் ஸ்டாப் பக்கத்தில் போண்டாக் கடை வைத்திருக்கும் தங்கம்மாவிடம் கொடுத்துவிடுவது சாரின் பல வருஷப் பழக்கம்.

புதன்கிழமை மூன்று பேரும் தங்கம்மா கடையில் போய் உட்கார்ந்தோம்.

"பேப்பரச் சும்மா திருப்பிக் குடுன்னா எப்படீங்க சார்? போண்டாவ எதுல வச்சுக் குடுக்கறது? தின்னுட்டு எடுத்துக்கோங்க" என்றுவிட்டாள் தங்கம்மா.

தின்றோம். ஒரு தட்டுக்கு ஒரு பேப்பர். கணக்குப் பேப்பர் வந்தால் துடைத்து வைத்துக்கொள்வது, தமிழ்ப் பேப்பர் வந்தால் இன்னொரு போண்டா. பெரியநாயகம் சார் மட்டும் ஒன்பது. "இந்தப் பையன் பேப்பர்ல சட்னி ஊத்திட்டியே தங்கம்மா, அதான் ஏழாவது கணக்கு!" என்று அவர் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிடைத்த பதினாலு கணக்குப் பேப்பரில் அஞ்சில் அதே கதை. எண்ணெய்க் கறை வழியாகக்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டோம். ஹெட்மாஸ்டரும் வந்து உட்கார்ந்துகொண்டார். மூன்று வகுப்புப் பேப்பரையும் தரையில் பரப்பி, கல் வைத்து, சுற்றி உட்கார்ந்தோம். சரியாகப் போட்டவர்கள் ஒரு பக்கம், இந்த இருபத்துமூன்று பேர் ஒரு பக்கம்.

"ஆரஞ்சுக் கணக்குல தப்பு இல்லீங்க. லிட்டர்ல இல்ல, மீட்டர்ல இல்ல. கிலோவுல மட்டுந்தான்" என்றாள் லூர்துசெல்வி. "அதுலயும் பாருங்க, ரெண்டு தடவ கிலோ வந்தா ரெண்டு கொறையுது. மூணு தடவைன்னா மூணு. நாலு மூட்டைன்னா நாலு."

பெரியநாயகம் சார் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "வாழவந்திப் பசங்க யாரையும் காணோமே. சொந்தக் காடு வச்சிருக்கறவங்க பசங்க ஒருத்தருமே இதுல இல்ல. எல்லாம் எஸ்டேட் லைன் ஊட்டுப் பசங்க."

அதற்கு மேல் எங்கள் நாலு பேருக்கும் ஒன்றும் ஓடவில்லை. "புள்ளையவே கேட்டுட்டா என்னுங்க?" என்றாள் லூர்துசெல்வி. அவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்! எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் கூப்பிடு தூரம்தான். பாவாயி பாதி சீவிய தலையோடு ஓடி வந்தாள்.

"பயப்படாத கண்ணு. பதினாலும் பதினேழும் எத்தன?"

"முப்பத்தொண்ணுங்க டீச்சர்."

"பதினாலு கிலோவும் பதினேழு கிலோவும்?"

"இருவத்தொம்போதுங்க."

"மிச்சம் ரெண்டு?"

இதுகூடத் தெரியாதா என்பது போல எங்களைப் பார்த்தாள் பாவாயி. "அது கூடைக்குங்க டீச்சர்."

"எந்தக் கூடை?"

"காப்பிப் பழம் பறிக்கற கூடைதானுங்க. சாயங்காலம் நிறுக்கும்போது ரைட்டரய்யா கூடைக்கு ஒரு கிலோ கழிப்பாருங்கல்ல?"

நவம்பரில் பழப் பறிப்பு தொடங்கும். லைன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா கூடவே நிறுக்கிற இடத்துக்குப் போய்விடும். தினமும் சாயங்காலம் அதே சத்தம்: 'பதினாலு... கூடை போக பதிமூணு!' அந்தப் பிள்ளைகளுக்குக் கிலோ என்றாலே ஒன்று போய்விட வேண்டும். செப்டம்பரில் பறிப்பு இல்லை, அதனால் காலாண்டில் தப்பும் இல்லை.

லூர்துசெல்வி சேலத்துப் பெண், அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியநாயகம் சாருக்கும் ஹெட்மாஸ்டருக்கும் ஊர் ஆத்தூர்ப் பக்கம். ஆனால் நான்? நான் இந்த மலையில் பிறந்தவள். என் அப்பா மரியஅந்தோணி முப்பது வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர். 'கூடை போக' என்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் மேஜைக்கடியில் சிலேட்டில் எழுதிப் பழகியவள் நான். எனக்கல்லவா முதல் பேப்பரிலேயே தெரிந்திருக்க வேண்டும்! வெட்கமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஃபாதர் புல்லட்டில் வந்தார். என் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார், மறுபடி கனைத்தார். லூர்துசெல்வி சுவரோரம் நின்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தகரப் பெட்டியைக்கூட அன்றைக்குத் துணிமணி அடுக்கித் தயாராக வைத்துவிட்டு வந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

"இதுக்கு என்னம்மா சொல்றே?" என்று ஃபாதர் அவளைக் கேட்டார்.

நான் எழுந்தேன். "அவ ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க ஃபாதர். எழுதுனது நானு. நான் எழுதுனது தப்பு. யாரும் காப்பியடிக்கல." பிறகு போண்டாக் கடை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

ஃபாதர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க இந்த ஊர்க்காரங்கதானே? உங்களுக்கே தெரியலையா?" என்றார்.

"எங்கப்பாதானுங்க ஃபாதர் அந்தக் காலத்துல கழிச்ச ரைட்டர். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போச்சுங்க."

ஃபாதர் லூர்துசெல்வி பக்கம் திரும்பினார். "சரி, இத எப்படித் திருத்தப் போறே?"

"நிறுத்துக் காட்டலாமுங்க ஃபாதர்."

தங்கம்மா கடைத் தராசு ஏற்கெனவே நாலாவது வகுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பாவாயி வீட்டிலிருந்து பழக்கூடையும் வந்திருந்தது. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெறும் கூடையை ஒரு தட்டில் வைத்து, ஒரு கிலோ கல்லை மறு தட்டில் வைத்தாள். கூடை மேலே போய்விட்டது. அரைக் கிலோ. அப்போதும் மேலேதான். கடைசியில் இருநூறு கிராம் கல் இரண்டு வைத்ததும் தட்டு சமமாக நின்றது.

"நானூறு கிராம்!" என்று சித்தன் கத்தினான்.

"கணக்குல கூடைன்னு எழுதியிருந்தா மட்டுந்தான் கழிக்கோணும் சாமிகளா. எழுதலீன்னா கழிக்கக் கூடாது. கழிச்சாலும் கூடை எத்தன கனமோ அத்தனதான்" என்றாள் லூர்துசெல்வி.

பாவாயி விரலை மடக்கி மடக்கி ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். "ஏனுங்க டீச்சர், அப்ப ரைட்டரய்யா ஒரு கிலோ கழிக்கறாருங்களே, மிச்சம் அறுநூறு கிராம் எங்கீங்க போவுது?"

ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஃபாதர்தான் மெதுவாகச் சொன்னார், "கழித்தல் கணக்கு நல்லாத்தான் போடறா." வெளியே வந்து, புல்லட் சீட்டின் மேலேயே காகிதத்தை வைத்து நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். என் கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் கிழிக்கப் போனேன். "குடுங்க டீச்சர், நான் வச்சுக்கறேன்" என்று லூர்துசெல்வி வாங்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவைப் பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர், ஈசிசேரில் சாய்ந்திருந்தார்.

"அப்பா, பழக்கூடை எத்தன கனம்?"

"ஒரு கிலோ."

"நிறுத்துப் பாத்தீங்களா?"

"எதுக்கு நிறுக்கோணும்? எனக்கு முந்தி இருந்த ரைட்டர் ரெண்டு ராத்தல் போட்டாரு, கிலோ வந்ததும் அதையே ஒரு கிலோன்னு போட்டேன்."

வழக்கமாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. பிள்ளைகளைக் கேட்காமலே காப்பியடித்தார்கள் என்று எழுதியவள் எந்த வாயால் கேட்பது? "நானூறு கிராம்தான்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் பாவாயியின் அம்மா கண்ணாயி, நிறுக்கிற இடத்தில் பழத்துக்கு முன்னால் வெறும் கூடையைத் தூக்கித் தராசில் வைத்தாளாம். பின்னாலேயே மற்றப் பெண்களும். அப்பாவுக்குப் பின் வந்த ரைட்டர் குதித்திருக்கிறார். குதித்து என்ன செய்வது, கல் சொல்வதைத்தான் அவரும் படிக்க வேண்டும். அந்த சீசனிலிருந்து கூடைக்கு அரைக் கிலோ என்றாகிவிட்டது. இன்னும் நூறு கிராம் எங்கே என்று பாவாயி கேட்டதாகவும் தகவல்.

பிப்ரவரியில் அதே கணக்கை மறுபடி வைத்தோம். இருபத்துமூன்று இரண்டாகியிருந்தது. அந்த இரண்டு பேரையும் ஆளுக்கொருவராகப் பிடித்து உட்கார வைத்தோம். அதற்கப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு மணி நேரம் எங்களுக்குப் பேப்பர் பார்க்கிற நேரமாகிவிட்டது. மாசத்தில் இரண்டு நாள் மூன்று வகுப்புப் பேப்பரையும் தரையில் பரப்புவோம். தப்பைத் தேடிப் போவோம், அதுக்குக் காரணத்தைத் தேடிப் போவோம், யார் எதைச் சொல்லித் தருவது என்று சண்டை போடுவோம். பெரியநாயகம் சார் போண்டா வாங்கி வருவார், வாழை இலையில்.

லூர்துசெல்வி அங்கேயே இருந்துவிட்டாள். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், தானும் தலைச்சோலையில் ஒரு போஸ்ட்மேனைக் கட்டிக்கொண்டாள், தொண்ணூற்றிரண்டில் ஹெட்மிஸ்ட்ரஸும் ஆனாள். எனக்கே ஹெட்மிஸ்ட்ரஸ்! நாற்பது பக்க நோட்டு மட்டும் மாறவில்லை.

1994இல் நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை, சால்வை எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எழுபத்தொன்பதாம் வருஷத்து நோட்டு. நடுப்பக்கத்தில் என் கடிதம் ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரியே நாலு கட்டம், மேலே என் பெயர்.

என்ன எழுதினாங்க: 'காப்பியடித்தார்கள்.' ஏன் எழுதினாங்க: 'தனியாத் திருத்தினாங்க.' என்ன செய்யணும்: 'நாலு பேரும் சேந்து பாக்கோணும்.' சரியாச்சா என்கிற நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

பதினைந்து வருஷமாகக் காலி! எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் கண்ணு, இத்தன வருசமாவா நான் சரியாகல?" என்று பேனாவைப் பிடுங்கி நானே டிக் போடப் போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தன் பேப்பரத் தானே திருத்தக் கூடாதுங்க டீச்சர்."

பேனாவைத் திருப்பி வாங்கி, அன்றைய தேதியைப் போட்டு, சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக் அடித்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.